காலடியின் கலை: சுசான் லெங்லென் அம்மையார் வரலாறு

தமிழில் அடி என்பது பலபொருள் ஒருசொல். பாதம் அடி எனப்படும். பாதம் பெயர்த்து வைக்கும் எட்டும் அடி. கை ஓங்கிப் புடைப்பதும் அடி. நிலத்தை அளக்கும் அளவையும் அடி. செய்யுளின் உறுப்பொன்றும் அடி. மரத்தின் மூலமும் அடியே. இச்சொல்லை வகுப்பில் விளக்குந்தோறும், இப்பொருள்களுட் பலவும் ஒன்று கூடும் விளையாட்டு ஒன்று உண்டென யாம் மாணவர்க்குக் கூறுவதுண்டு. அது ரென்னிஸ். அவ்விளையாட்டிற் கையின் அடி, காலின் அடியிலிருந்தே பிறக்கின்றது. மரத்துக்கு மூலம் எவ்வாறோ அவ்வாறே பந்தாட்டத்துக்குப் பாதம். இவ்வுண்மையைத் தம் வாழ்வினாலே உலகறியச் செய்தவர் பிரான்சு தேசத்துச் சுசான் லெங்லென் அம்மையார். இவ்விழா மலரிலே பழைய மாணவர்க்கும், இன்று பயில்வோர்க்கும், உடனாசிரியர்க்கும் அவர்தம் வரலாற்றைச் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

வன்னிப் பெருநிலத்தின் கல்லூரி மலரொன்றில் ரென்னிஸ் வீராங்கனைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நம் பள்ளி மைதானங்கள் உதைபந்துக்கும் கரப்பந்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் உரியன; ரென்னிஸ் களம் நம் பிள்ளைகளுக்கு எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும் அம்மையார் கற்ற கலையின் வேர் களத்தில் இல்லை, காலில் இருக்கின்றது. அன்றியும், பிள்ளையொன்றைப் பயிற்றுவோர் எவ்வளவு பயிற்றலாம், எங்கே நிறுத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அவர் வாழ்வு தக்கதொரு பாடமாக அமைந்துள்ளது. அவ்வினா களமுள்ள ஊர்க்கும் இல்லாத ஊர்க்கும் பொதுவானதன்றோ?

சுசான் 1899ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் சார்ள்ஸ் லெங்லென் செல்வர். குதிரைகள் இழுக்கும் பயணிகள் வண்டித் தொழிலாற் பொருள் ஈட்டிய குடும்பத்தவர். செல்வம் இருந்தும் குழந்தைக்கு உடல்நலம் வாய்க்கவில்லை. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் சிறுவயது தொட்டே அவரை வருத்திற்று. நோய் தணிய நல்ல காற்றும் அசைவும் வேண்டுமெனத் தந்தையார் எண்ணினார். 1910இல், மகளுக்குப் பதினொரு வயதானபோது, மட்டையொன்றை வாங்கிக் கொடுத்தார். மருந்தாக வந்த மட்டையே அவர் வாழ்வாயிற்று.

அக்குடும்பம் குளிர்காலத்தைத் தென்கடற்கரை நகராகிய நீஸில் கழிப்பது வழக்கம். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் பலர் அக்காலத்தில் அங்குக் கூடுவர். சார்ள்ஸ் பெரும் ஆட்டக்காரர் அல்லர். எனினும் உற்றுநோக்கும் கண்ணுடையவர். களத்தோரத்தில் அமர்ந்து ஆடவரின் ஆட்டத்தை நாள்தோறும் ஆராய்ந்தார். அக்காலப் பெண்கள் பின்கோட்டில் நின்று பந்தை மெல்லத் திருப்பி அனுப்புவதையே பெரும்பாலும் செய்தனர். தம் மகள் அவ்வாறு ஆடலாகாது, ஆடவரைப் போலக் களம் முழுவதும் ஓடி ஆடல்வேண்டும் எனத் துணிந்தார்.

அவர் கையாண்ட பயிற்சி முறைகளுட் கைக்குட்டைப் பயிற்சி உலகறிந்தது. களத்தின் ஒரு மூலையிற் கைக்குட்டையொன்றை விரித்து வைப்பார். பந்து அதன்மீது விழும்படி மகள் அடித்தல் வேண்டும். விழத் தொடங்கியதும் கைக்குட்டையை மடித்துச் சிறிதாக்குவார். பின்னர் வேறிடத்துக்கு மாற்றுவார். பார்ப்போர்க்கு இது கைக்கும் கண்ணுக்கும் அளித்த பயிற்சியாகவே தோன்றும். ஊன்றி நோக்கின் வேறொன்று புலனாகும். ஒரே குறியைப் பலமுறை தவறாது அடிக்க வேண்டுமாயின், ஒவ்வொரு முறையும் பந்துக்கு ஒரே தூரத்தில், ஒரே சமநிலையில் வந்து நிற்றல் வேண்டும். கால் ஒரு சாண் பிந்தினால் கை எட்டிப் பிடிக்கும்; எட்டிப் பிடித்த கை குறி தவறும். எனவே கைக்குட்டை சோதித்தது கையை, பயிற்றியது காலை.

இதனோடு கயிறு துள்ளல், ஓட்டம், நீச்சல் என்பனவும் நாள்தோறும் நடந்தன. சுசான் நடனமும் பயின்றார். நடனம் பயின்ற பாதம் ஓசையின்றி நிலந்தொடும். உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு இடையறாது மாற்றும். நம் பரதக் கலையில் அடவு பயிலும் சிறுமியரைக் கண்டோர்க்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கே, ரென்னிஸ் அறியாத நம் மாணவர் பொருட்டுக் களத்தின் அளவையும் காலின் வேலையையும் சிறிது விளக்குவோம். களம் 78 அடி நீளமுடையது. ஒருவரோடொருவர் ஆடும்போது அகலம் 27 அடி. பின்கோட்டின் நடுவில் நிற்பவர் இருமருங்கும் 13½ அடி காத்தல் வேண்டும். வலையை நோக்கி முன்னே 39 அடி. பந்து ஒருமுறை நிலத்திற் பட்டு எழ, மறுமுறை படுமுன் அதனை அடித்தாக வேண்டும். இத்துணைப் பரப்பை வேகத்தால் மட்டும் காத்தல் இயலாது, முறை வேண்டும்.

அம்முறையை இன்றைய பயிற்றுநர் நான்கு படிகளாகக் கூறுவர். முதலாவது ஆயத்த நிலை: குதிகால் நிலத்தில் அழுந்தாது பாரம் முன்பாதத்தில் நிற்க, முழங்கால்கள் சற்றே மடிந்திருத்தல். இரண்டாவது சிறு துள்ளல்: எதிராளி பந்தை அடிக்கும் தறுவாயில் மெல்ல எழும்பி இரு பாதங்களையும் ஒருங்கே ஊன்றுதல், இதனால் எப்பக்கமும் உடனே பெயரலாம். மூன்றாவது அணுகுதல்: தொலைவில் நீண்ட எட்டுக்கள், பந்தை நெருங்குகையிற் குறுகிய எட்டுக்கள்; இறுதியில் உடலைப் பக்கவாட்டில் நிறுத்தி, பாரத்தைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றியவாறு அடித்தல். நான்காவது மீளுதல்: அடித்த இடத்திலேயே நின்று அழகு பார்த்திராது, பக்க எட்டுக்களால் தக்க இடத்துக்குத் திரும்புதல். பயில்வோர் பெரிதும் வழுவுவது இந்நான்காவதிலேயே. அடியோடு வேலை முடிந்ததென அவர் எண்ணுகின்றனர். தேர்ந்தவர்க்கோ ஓர் அடியின் முடிவு மற்றோர் அடியின் தொடக்கம். தளை தட்டாத செய்யுளில் ஒரு சீர் மறுசீரைத் தழுவிச் செல்லுமாறு போல.

சுசான் அம்மையாரின் சிறப்பு இதிலேதான் இருந்தது. பந்து வருமுன்னரே அவர் அங்கு நிற்பார். அதனால் அவர் விரைந்ததாகவே தோன்றாது. அவர் அந்தரத்திற் பாய்ந்து பந்தடிக்கும் நிழற்படங்கள் இன்றும் நடனமாதின் படங்கள் போலவே காட்சி தருகின்றன.

1914ஆம் ஆண்டிலே பயிற்சி பலன் தந்தது. பிரெஞ்சு வாகைப் போட்டியில் மார்கரீத் புரொக்கெடிஸ் என்பாரிடம் இறுதியில் தோற்றார். அடுத்துச் சென் குளூ என்னும் இடத்தில் நடந்த உலகக் கடுந்தரைப் போட்டியில் வாகை சூடினார். அப்பொழுது அவருக்குப் பதினைந்து வயது நிரம்பியே இருந்தது. அவ்வாண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. பெரும் போட்டிகள் நின்றன. போர் முடியுமளவும் அவர் காத்திருந்தார். காலை மட்டும் காத்திருக்க விடவில்லை.

1919இல் விம்பிள்டன் மீண்டும் தொடங்கிற்று. இருபது வயதுச் சுசான், அதற்கு முன் புற்றரையிற் பெரும்போட்டி ஆடியறியாதவர், இறுதிக் களத்தை அடைந்தார். எதிரே நின்றவர் ஏழுமுறை வாகை சூடிய டொரத்தியா லாம்பேட் சேம்பேர்ஸ் அம்மையார், வயது நாற்பது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி இராணியாரும் அரங்கில் வீற்றிருந்தனர். முதற் செற்றை 10–8 எனச் சுசான் வென்றார். இரண்டாவதை 6–4 என மூத்தவர் வென்றார். மூன்றாவதில் 4–1 என முன்னின்ற சுசான் களைத்துத் தளர்ந்தார். தந்தையார் பிராந்தியில் நனைத்த சீனிக்கட்டியை அரங்கிலிருந்து எறிந்தார். மகள் உண்டு தேறினார். ஆயினும் சேம்பேர்ஸ் 6–5 என முந்தி, வெற்றிக்கு ஒரு புள்ளியே வேண்டிய நிலையை இருமுறை எய்தினார். முதன்முறை உயரே வந்த பந்தைச் சுசான் எட்டிப் பாய்ந்து தொட, அது மட்டையின் மரச்சட்டத்திற் பட்டு, வலையின் மேல்விளிம்பில் உரசி, மறுபுறம் வீழ்ந்தது. இரண்டாம் முறை பின்கையடியாற் கோட்டோரமாகப் பந்தைச் செலுத்தித் தப்பினார். முடிவில் 9–7 என வென்றார். நல்வினையும் துணைநின்றது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவ்வுயரப் பந்தை எட்டும் இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தது கால் அன்றோ?

அவ்வாண்டில் அவர் அணிந்த ஆடையும் பெரும்பேச்சாயிற்று. அதுகாறும் பெண்கள் இடையை இறுக்கும் கச்சும், கணுக்கால் அளவும் நீண்ட பாவாடையும் அணிந்தே ஆடினர். சுசான் கச்சை நீக்கி, கெண்டைக்கால் அளவான மெல்லாடையும் குறுங்கையும் அணிந்து வந்தார். பின்னாளில் ஜோன் பத்து என்னும் புகழ்பெற்ற ஆடைக் கலைஞர் அவர் ஆடைகளை அமைத்தார். இதனை நாகரிகச் செருக்கு எனக் கூறியோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. மூச்சுவிட முடியாத மார்பும், எட்டுவைக்க இயலாத பாவாடையும் உடையவர் எவ்வாறு ஓடுவர்? கால் விடுதலை பெற்ற பின்னரே பெண்களின் ஆட்டமும் விடுதலை பெற்றது.

அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. 1919 முதல் 1923 வரை ஆண்டுதோறும், மீண்டும் 1925இலும், ஆக ஆறுமுறை விம்பிள்டன் ஒற்றையர் வாகை அவருக்கு உரியதாயிற்று. அதே ஆறு ஆண்டுகளில் எலிசபெத் றயன் அம்மையாருடன் இரட்டையர் வாகையும் பெற்றார். 1920 அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கப் பதக்கத்தைப் பெற்றபோது, ஆடிய பத்துச் செற்றுக்களிலும் நான்கு ஆட்டங்களையே இழந்தார். 1925 விம்பிள்டன் ஒற்றையர் போட்டி முழுவதிலும் இழந்தவை ஐந்து ஆட்டங்களே.

போருக்குப் பின் அவர் ஒற்றையர் போட்டியில் தோற்றது ஒரே முறை. 1921இல் அமெரிக்கா சென்ற அவர், கடற்பயணக் களைப்பும் இருமலும் நீங்குமுன் மொல்லா மல்லொரி அம்மையாரை எதிர்த்து ஆடினார். முதற் செற்றை 2–6 என இழந்து, இரண்டாவதன் தொடக்கத்திலேயே விலகினார். கூடியிருந்தோருட் பலர் அவரை எள்ளினர். அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். சுசான் 6–2, 6–0 என அரைமணி நேரத்துக்குள் வென்றார்.

1926ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள் கான் நகரில் நடந்த போட்டி அக்காலத்தார் நெடுநாள் பேசியது. எதிர்த்தவர் அமெரிக்கரான ஹெலன் வில்ஸ், வயது இருபது. 6–3 என முதற் செற்றை வென்ற சுசான், இரண்டாவதில் வெற்றிப்புள்ளியை எய்தியபோது வில்ஸ் அடித்த பந்து வெளியே வீழ்ந்ததென ஒரு குரல் எழுந்தது. இருவரும் கைகுலுக்கினர், மக்கள் களத்துட் புகுந்தனர். அப்பொழுது கோட்டு நடுவர் வந்து, குரல் தம்முடையதன்று, பார்வையாளர் ஒருவருடையது, பந்து உள்ளேயே வீழ்ந்தது என அறிவித்தார். முடிந்ததென எண்ணிய போட்டியை மீண்டும் ஆடல் வேண்டியதாயிற்று. தளர்ந்திருந்த சுசான் மறுபடியும் பின்கோட்டுக்குச் சென்று நின்று, 8–6 என முடித்தார். உடல் ஓய்ந்து உள்ளம் கலங்கிய வேளையிலும் கால் தன் பழக்கத்தை மறக்கவில்லை. பயிற்சியின் உண்மைப் பயன் இத்தகைய வேளையிலேயே வெளிப்படும்.

ஆயினும் இப்புகழின் மறுபுறத்தையும் கூறாது விடுதல் முறையன்று. தந்தையார் அன்புடையவர், அதேவேளை கடுமையுடையவர். பிறர் காணவே மகளைக் கடிந்துகொள்வார். பயிற்சி சரியில்லாத நாளில் மகளின் பாணுக்குப் பழப்பாகு மறுக்கப்பட்டது என்பர். தோல்வியென்பதே அறியாமல் வளர்க்கப்பட்ட அவருக்கு, ஒவ்வொரு போட்டியும் பெருஞ்சுமையாயிற்று. 1924இல் மஞ்சட்காமாலை அவரை விம்பிள்டனிலிருந்து இடைநடுவில் விலகச் செய்தது. 1926 விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றிய குழப்பத்தால் மேரி இராணியார் காத்திருக்க நேர்ந்தது. பழி சுசான்மேல் விழ, அவர் போட்டியினின்றும் விலகினார். அதன்பின் அவர் அங்கு ஆடவேயில்லை.

அவ்வாண்டே ஊதியம் பெறும் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். அரங்குகள் நிறைந்து கழகங்கள் பொருள் ஈட்ட, ஆடுவோர் மட்டும் ஊதியமின்றி ஆடுவது நீதியன்று என்பது அவர் கொள்கை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அவ்விளையாட்டு உரியதாகிவிடும் என அவர் கண்டார். அன்று அவரை இகழ்ந்தோர் பலர். 1968இல் பெரும் போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரர்க்கும் திறந்துவிடப்பட்டபோது அவர் கொள்கையே நிலைத்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

ஆட்டத்தினின்றும் ஓய்ந்த அம்மையார் பாரிஸில் பிள்ளைகளுக்கு ரென்னிஸ் கற்பிப்பதில் ஈடுபட்டார். இப்பகுதியே ஆசிரியராகிய எம்மைப் பெரிதும் ஈர்க்கின்றது. 1937இல் மாகிரெட் மொறிஸ் என்னும் நடன ஆசிரியையுடன் சேர்ந்து, எளிய உடற்பயிற்சிகளால் ரென்னிஸ் கற்கும் முறையை நூலாக வெளியிட்டார். நடனமாதும் பந்தாட்ட வீராங்கனையும் சேர்ந்து நூல் செய்தமை தற்செயலன்று. தாம் சிறுவயதிற் பெற்ற செல்வம் எதுவென அம்மையார் அறிந்திருந்தார். அடுத்த ஆண்டு, 1938 யூலை 4ஆம் நாள், கொடிய இரத்தச்சோகை நோயால் முப்பத்தொன்பதாம் வயதிற் காலமானார். பாரிஸின் ரோலன் காரோஸ் அரங்கில் இரண்டாவது பெருங்களம் இன்று அவர் பெயர் தாங்குகின்றது. பிரெஞ்சுப் போட்டியில் வெல்லும் பெண்கள் ஏந்தும் கிண்ணமும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

தந்தை மகவுக்கு ஆசானாதல் நம்மவர்க்கும் புதிதன்று. தமிழ்நாட்டு இராமநாதன் கிருஷ்ணன் தம் தந்தையார் இராமநாதனிடமே ரென்னிஸ் கற்றார்; 1954இல் விம்பிள்டன் இளையோர் வாகை சூடினார்; 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். வீட்டுக்குள்ளே ஆசான் இருப்பது பெரும்பேறு. ஆனால் தந்தை எப்போதும் ஆசானாகவே இருந்துவிட்டால், பிள்ளைக்குத் தந்தை எங்கே? இவ்வினாவை ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் நம் ஊர்ப் பெற்றோரிடமும் வைக்கின்றோம். கைக்குட்டையை மடித்துச் சிறிதாக்குவது நல்லாசிரியர் செயல். குறி தவறிய நாளில் உணவைக் குறைப்பது நல்லாசிரியர் செயலன்று. முன்னதே சுசானை வெல்வித்தது. பின்னதன் சுமையை அவர் கடைசிவரை சுமந்தார் என்பதே எம் கருத்து.

இனி நம் மண்ணுக்கு வருவோம். காலைப் பயிற்றக் களமும் காசும் வேண்டுமென்பதில்லை. கிளித்தட்டு நம்மிடம் உண்டு. கோட்டை விட்டு விலகாது பக்கவாட்டிற் பெயர்ந்து மறிப்பவனின் கால் செய்வது ரென்னிஸ் வீரர் பின்கோட்டிற் செய்யும் அதே வேலை. ஒரு பக்கம் போவதுபோற் காட்டி மறுபக்கம் பாய்பவனோ சமநிலையின் முழுப்பாடத்தையும் கற்கின்றான். வயல் வரம்பில் ஒற்றையடியாய் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பாதம் வைக்கும் இடமறியும் கண் இயல்பாகவே வாய்த்துள்ளது. கயிறு துள்ளுதற்கு ஒரு கயிறும் மரநிழலும் போதும். இவற்றை நாள்தோறும் கால்மணி நேரம் முறையாகச் செய்விப்பின், கரப்பந்தாயினும் வலைப்பந்தாயினும் நம் மாணவரின் ஆட்டம் மாறும்.

காலைப் பற்றி இம்மண்ணிற் பேசுவோர் ஒன்றை மறத்தலாகாது. 2009இல் முடிவுற்ற போரில் மிதிவெடியால் காலிழந்தோர் நம் ஊர்கள்தோறும் உளர். அவர்களுட் சிலர் பழைய மாணவராய் இம்மலரையும் படிக்கக்கூடும். அவர்க்கு இக்கலை உரியதன்றோ எனின், உரியதே என்போம். 1976 முதல் சக்கர நாற்காலி ரென்னிஸ் வளர்ந்து, 1992 பார்சலோனாப் பராலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. பந்து இருமுறை நிலந்தொடலாம் என்பது தவிர, களமும் வலையும் அவையே. அங்குச் சக்கரமே கால். அதனைத் தள்ளும் கையே பந்தையும் அடிக்கின்றது. பந்து வருமுன் வந்து நிற்றல் என்னும் விதியில் மட்டும் மாற்றமில்லை. எனவே அடியின் கலை தசையிலும் எலும்பிலும் மட்டும் உறைவதன்று. முன்னறிந்து பெயரும் அறிவில் உறைவது.

இழுப்பு நோயால் வாடிய சிறுமி, பாதத்தை ஒழுங்குசெய்து உலகை வென்றார். மாணவர் அவரது உழைப்பைக் கொள்க. பெற்றோரும் ஆசிரியரும் அவரது வருத்தத்தையும் நினைவிற் கொள்க. அடிமேல் அடி வைத்தே நம் கல்லூரியும் இவ்விழா நாளை எய்தியது. அடுத்த அடிக்கு ஆயத்தமாய், முன்பாதத்தில் நிற்போமாக.